தாய்மாமன் மடி

டிசம்பர் 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து புயல் மழை. 6 மணிக்குக் கரண்ட் போனது. தலைச்சோலை எஸ்டேட்டில் யாருக்கும் வேலை இல்லை. நேற்றுப் பறித்த காப்பிப் பழம் பதினோரு மூட்டை, தோல் உரிக்கும் மெஷின் ஓடாமல் அப்படியே கிடக்கிறது. புளித்த வாடை வேறு. கணக்கு எழுதும் ரைட்டர் நான்தான், முதலாளி கேட்டால் புயலையா கைகாட்ட முடியும்?

வாங்க வேண்டியது: மெழுகுவத்தி, தீப்பெட்டி, வசந்தாவுக்குத் தலைவலி மாத்திரை.

சாயங்காலம் செல்போன் டவரும் போய்விட்டது.

டிச. 10, புதன்

மழை விடவில்லை. வாழவந்திப் பக்கமிருந்து நடந்தே வந்த பால்காரர் சொன்னது: "செம்மநத்தத்துல மண்ணு சரிஞ்சு நாலு ஊடு போச்சுங்களாம். யாரு ஊடுன்னு தெரியலீங்க."

செம்மநத்தத்தில் என் தங்கை செல்வி. பேசி மூன்று வருடம்.

கல்யாணமாகிப் போன இடத்தில் ஜெபக் கூட்டத்துக்குப் போய்க் கிறிஸ்தவளாகிவிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மகளுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டுமென்று பழத்தட்டோடு வந்து அழைத்தாள். "பாஸ்டர் ஜெபம் பண்ற எடத்துல எனக்கென்ன வேலை?" என்றேன். தட்டைத் தொடக்கூட இல்லை. செய்தது சரிதான் என்று மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். இன்று சொல்ல வாய் வரவில்லை.

வசந்தா: "ஏனுங்க, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க." எப்படிப் போக? ரோடு முழுக்க மரம். வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது.

டி.வி. இல்லை, போன் இல்லை. மனதை வேறு பக்கம் திருப்ப ஒன்றுமே இல்லை. மெழுகுவத்தி முன்னால் உட்கார்ந்து, செல்வி கும்பிடும் ஏசுவிடமே கேட்டேன். அவள் பொறுப்பு அவரிடம்தானே. "செல்வியையும் புள்ளையையும் பாத்துக்குங்க. நான் பண்ணது தப்புங்க." அவ்வளவுதான் வந்தது. கூடவே அழுகை. வசந்தா பார்க்கவில்லை. (பார்த்திருப்பாள்.)

பயம் போகவில்லை. ஆனால் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். போன வாரம் என்றால் நானே சிரித்திருப்பேன்.

டிச. 11, வியாழன்

தூறல்தான். 7 மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். மூன்று இடத்தில் விழுந்த மரத்துக்கு அடியில் நுழைந்து போனேன். முட்டியில் அடி. வழியெல்லாம் நேற்றுச் சொன்ன அதே நாலு வார்த்தை.

11 மணிக்குச் செம்மநத்தம். செல்வி வீட்டுக்குப் பின்சுவரே இல்லை. ஜனமெல்லாம் ஜெபக் கூடத்தில் இருந்தது. அவள், அவள் வீட்டுக்காரர், குழந்தை, மூவரும் நலம். நலம். இரண்டு முறை எழுதிக்கொள்கிறேன்.

"வாங்கண்ணா. நொம்ப நனஞ்சுட்டீங்க," என்றாள். துண்டு கொடுத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

குழந்தைக்கு இப்போது ஆறு வயது. காதில் கம்மல். யார் மடியில் வைத்துக் குத்தினீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"அவங்கப்பா மடிலதாங்க. நீங்க வந்துருவீங்கன்னு மத்தியானம் வரைக்கும் பாத்தோம்."

அது ஒரு தடவை நடக்கிற காரியம். இனி தங்கத்தில் கம்மல் செய்து போட்டாலும் அந்த மத்தியானம் திரும்பாது.

"இவரு யாரும்மா?" என்றது குழந்தை. செல்வி பதில் சொல்வதற்குள் ஜெபம் தொடங்கிவிட்டது. ஒவ்வொருவராக வேண்டிக்கொண்டார்கள். குழந்தையின் முறை. கண்ணை இறுக மூடிக்கொண்டு,

"ஏசப்பா, கரண்ட் வரணும். எங்க ஊட்டுக்குச் சுவரு வேணும். தலைச்சோலை மாமனுக்குக் கோவம் போகணும். அவரு எங்க ஊட்டுக்கு வரணும்."

கடைசி இரண்டும் தினமும் சொல்வதுபோல. ஒரு தடுமாற்றமும் இல்லை. என் முகம்தான் அதற்குத் தெரியாது.

எல்லோரும் ஆமென் என்றார்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகு, கடைசி ஆளாக நானும் சொன்னேன்.