நாற்பதாயிரம் என்று எழுதினேன்

ஜூன் 3, செவ்வாய்

காலை டூட்டி. இருபத்திரண்டு கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர். பக்கவாதம் வந்து படுத்திருந்த பதினோராம் கட்டில்காரர் இன்று தன் கையாலேயே தலை வாரிக்கொண்டார். “எப்படி இருக்கேன் சிஸ்டர்?” என்றார். “மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க” என்றேன். வார்டே சிரித்தது.

மதியம் ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள். பள்ளி ரிசல்ட் வந்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் படித்த அதே கல்லூரி, அதே நர்சிங் பட்டம்தான் வேண்டுமாம்.

“அக்கா, காலேஜ் அட்மிஷன் புக்லயே போட்டிருக்காங்க. உங்க பேட்ச்சுக்கு சராசரி ஆரம்பச் சம்பளம் முப்பத்தாறாயிரமாம். உனக்கு நாப்பது. அப்புறம் கடன் வாங்க என்ன பயம்?”

“ம்” என்றேன்.

என் சம்பளம் பதினெட்டாயிரம்.

ஜூன் 5, வியாழன்

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். போன வருடம் பட்டச் சான்றிதழ் வாங்கப் போன அன்று, ஆபீஸ் கிளார்க் ஒரே ஒரு தாளை வரிசையில் விட்டார். பெயர், வேலை பார்க்கும் இடம், மாதச் சம்பளம். என் கைக்கு வரும்போது பன்னிரண்டு வரி நிரம்பியிருந்தது. எனக்கு மேல் வரி என் ஹாஸ்டல் ரூம்மேட்டுடையது. முப்பத்தெட்டாயிரம் என்று எழுதியிருந்தாள். படிப்பில் அவள் எப்போதும் எனக்குப் பின்னால்தான். போதாக்குறைக்கு அப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. வீம்புக்கு நான்தான் எழுதினேன். நாற்பதாயிரம்.

அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்காரரைத் தூங்கவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் எந்த வாயால் மாற்றிச் சொல்வேன்?

ஜூன் 8, ஞாயிறு

ஆஃப். பேர்தான் ஆஃப். ஒரு வீட்டில் படுக்கையில் இருக்கும் அம்மாளுக்கு உடம்பு துடைத்து, புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வந்தேன். அந்தக் காசு இல்லாவிட்டால் மாதக் கடைசி பிஸ்கட்டும் தண்ணீரும்தான்.

தங்கை ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். கோடு போட்ட நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் கணக்கு. கடன் எட்டு லட்சம். சம்பளம் முப்பத்தாறு. தவணை போக, வீட்டுக்குக் கொடுத்தது போக, மிச்சத்தையும் கடனிலேயே போட்டால் மூன்றரை வருடத்தில் முடிந்துவிடுமாம்.

கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. அந்த முப்பத்தாறு ஒன்றுதான் பொய். அன்று அந்தத் தாளில் நாங்கள் எழுதியதை வைத்துக் காலேஜ் போட்ட சராசரி அது; அதில் என் பங்கும் இருக்கிறது. நானும் இதே எட்டு லட்சம்தான் வாங்கினேன். மாதம் பதினோராயிரம், இன்னும் ஒன்பது வருடம். முடியும்போது எனக்கு முப்பத்திரண்டு வயது.

ஜூன் 10, செவ்வாய்

ரூம்மேட்டுக்குப் போன் செய்தேன். நிஜச் சம்பளம் எவ்வளவுடி என்று நேராகவே கேட்டேன். முதலில் பேச்சை மாற்றப் பார்த்தாள். அப்புறம், “பதினாறு. எனக்கு மேல இருந்தவ முப்பத்தஞ்சு போட்டிருந்தாடி. நான் மட்டும் பதினாறுன்னு எழுதி மானத்த வாங்கிக்கணுமா?”

“அப்போ முதல் வரில எழுதின புண்ணியவதி யாரு?”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 14, சனி

அப்பா பேசினார். அவருடைய ஜாமீன் ஏற்கெனவே என் கடனில் இருக்கிறது. சரக்கு வேன் ஓட்டி வரும் வருமானத்துக்கு இன்னொரு கடனை பேங்கில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். “நீ ஜாமீன் போட்டுடு பெரியவளே. மூணு மாச சம்பளச் சீட்டு கேக்கறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வா. நீ இருக்கும்போது எனக்கு என்ன கவலை?”

சரிப்பா என்றேன். எதற்குச் சொன்னேன்? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

ஜூன் 17, செவ்வாய்

சம்பளச் சீட்டில் எண்ணை மாற்றித் தர ஆள் இருக்கிறானாம். கேன்டீனில் காதில் விழுந்தது. அரை நாள் அதையே யோசித்தேன். யோசித்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. மாற்றினால் கடன் கிடைக்கும். நாலு வருடம் கழித்து அவளும் இதே மாதிரி ஒரு வார்டில் நின்றுகொண்டு, இதே மாதிரி... வேண்டாம். செய்ய மாட்டேன்.

அதற்காக நிஜத்தைச் சொல்லவும் தைரியம் இல்லை. வேலையை உதறலாம் என்றால் தவணை விடாது. இருந்தால் பொய் விடாது.

ஜூன் 20, வெள்ளி

பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டு வாசலில், பேங்க் வாசலில், டோக்கன் வாங்கும்போது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்; தங்கையும் கூட வந்திருந்தாள். கடைசி வரை மென்று முழுங்கினேன்.

கடன் பார்க்கும் ஆபீசரம்மா என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “பதினெட்டாயிரம்தானேம்மா? நாப்பதுன்னு அப்பா ஃபார்ம்ல எழுதியிருக்காரே?”

“பதினெட்டுதான் மேடம்.”

இந்தச் சம்பளத்துக்கு ஜாமீன் ஏற்க முடியாது என்று அவர் ஃபைலை மூடினார். வெளியே படியில் இறங்கும்போது அப்பா நின்றார். விரலை மடக்கி மடக்கி எண்ணினார். “பதினெட்டு. தவணை பதினொண்ணு. வீட்டுக்கு அஞ்சு அனுப்பற. மிச்சம் ரெண்டாயிரத்துல என்னத்த சாப்பிட்ட?”

நடுத்தெருவில் அழுதேன். எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

வேனை அடமானமாகக் காட்டலாம் என்று மறுபடி உள்ளே திரும்பினார். தங்கைதான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “வேணாம்பா. அது போனா நாம எல்லாரும் எங்க போறது?” அப்புறம் என்னைப் பார்த்து, “எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல? மூணு மாசமா கணக்கு போட்டுட்டு இருக்கேன்” என்றாள்.

ஜூன் 21, சனி

மத்தியான டூட்டி. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

கல்லூரியில் இடம் கேட்டு முன்பணம் கட்டக் கடைசி நாள் நேற்று. கட்டவில்லை. ஒரு செருப்புக் கடையில் பில் போடும் வேலைக்குத் தங்கை போகிறாளாம். அம்மா சொன்னாள். தங்கை என்னோடு பேசுவதில்லை. அவள் படிப்பில் மண்ணைப் போட்டது என் பொய்யா, என் உண்மையா? இரண்டும் என்னுடையதுதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சம்பளம் வந்ததும் வீட்டுக்கு ஐயாயிரம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அப்பா திருப்பிப் போட்டுவிட்டார். போன் பண்ணினால் எடுக்கவில்லை. கேன்டீனில் முழுச் சாப்பாடு வாங்கி உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

சாயங்காலம் தங்கையே கூப்பிட்டாள். ஆறு வாரத்துக்கு அப்புறம் அவள் குரல். பின்னால் கடைச் சத்தம்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாம சொல்லு. இப்ப முதல்லேர்ந்து வாய்ப்பு கெடச்சா, இதே படிப்புதான் படிப்பியா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

“படிப்பேன்டி. ஆனா கடன் வாங்கிப் படிக்க மாட்டேன்.”

“கடன் வாங்காம நம்ம வீட்டுலேர்ந்து எப்படிக்கா படிக்கிறது?”

தெரியல என்றேன். அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.