தெற்கு முகப்பில் போட்ட முள்

ஜூன் 4

நூறுகம்பக் கோயில் என்று பலகை வைத்திருக்கிறீர்கள், தூண்களை எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றாறுதான் வருகிறது, மீதி நாலு எங்கே என்று ஹூப்ளிக்காரர் ஒருவர் இன்று அலுவலக வாசலில் நின்று கேட்டார். நானே பெயர்த்து விற்றுவிட்டதுபோல ஒரு பார்வை. எண்ணூறு வருடங்களாக அப்படித்தான் சொல்லிவருகிறார்கள் என்றேன். நம்பவில்லை.

மாதச் சோதனை முடிந்தது. விரிசல்களுக்குக் குறுக்கே சுண்ணாம்பில் பதித்த கண்ணாடிச் சில்கள் ஏழு. கல் நகர்ந்தால் சில் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஏழும் முழுசாக இருந்தன. ‘நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருடங்களாக நாகரகட்டியில் இந்தக் கோயிலுக்கு நான்தான் பொறுப்பு.

நந்தியின் முதுகில் யாரோ மஞ்சுளா என்று ஆணியால் கீறியிருக்கிறான். காவலர் ராஜாசாபைத் திட்டினேன். அவர் நந்தியைத் திட்டினார், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம்.

ஜூன் 19

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தார்வாடிலிருந்து பேராசிரியர் இனாம்தார் வந்திருந்தார். இந்தக் கோயிலைப் பற்றி மூன்று வருடம் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று டீ, மிளகாய் பஜ்ஜி எல்லாம் வரவழைத்து வைத்திருந்தேன். நடுவில் ராஜாசாப் வந்து, கெஞ்சவ்வா தெற்கு முகப்பு மண்டபத்தில் ஏதோ கோடு பார்த்தாளாம் என்றார்.

கெஞ்சவ்வா தினக்கூலி. கல் இடுக்குகளில் முளைக்கும் புல்லைப் பிடுங்க வருகிற நான்கு பெண்களில் ஒருத்தி. நுனி வளைந்த ஒரு இரும்புக் கம்பியோடு நாள் முழுக்கக் குந்தியிருப்பாள். பேராசிரியர் பஜ்ஜியை வைத்துவிட்டு எழுந்து போனார். அவள் தன் குடிதண்ணீரை ஊற்றிப் பாசியைக் கழுவினாள். மூன்று வரி. நடுவரியில் ஒரு பெயர், காளோஜன். இந்தக் கோயிலைக் கட்டியவன்.

நான் பதினோரு வருடங்களாகத் தேடிய பெயர். அது இருந்த படிக்கல்லில் உட்கார்ந்துதான் தினமும் மதியம் ரொட்டி தின்கிறேன்.

“இத்தனை வருஷமா உங்க கண்ணுல படலையா சோமலிங்கப்பா?” என்று பேராசிரியர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

நாற்பது பக்கமும் மேசையிலேயே கிடந்தது, மேல் தாளில் பஜ்ஜி எண்ணெய்.

ஜூன் 21

பத்திரிகையில் அவள் படம், கையில் கம்பியோடு. கீழே, ‘கோயில் அலுவலர் ஒருவரும் உடனிருந்தார்.’

ஒருவராம்!

ஜூன் 22

எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை.

ஜூன் 23

அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டைவிரல் உருட்டித்தான் கூலி வாங்குகிறாள். நான் மைசூரில் கல்வெட்டியல் படித்துப் பட்டயம் வாங்கியவன். முதல் வகுப்பு.

ஜூலை 11

வருகிறவர்களெல்லாம் ‘அந்த அம்மா எங்கே’ என்று கேட்கிறார்கள். கோயிலைப் பார்க்க வருகிறார்களா, அவளைப் பார்க்க வருகிறார்களா? பெல்காமிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டது. எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கைபேசியை என்னிடம் நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தேன். அவள் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும்.

மாலையில் அவளை வெளிமதில் பக்கம் மாற்றி எழுதினேன். அங்கே சீமைக் கருவேல முள்தான் இருக்கிறது. பேசாமல் போனாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஜூலை 16

பேராசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கெஞ்சவ்வாவை விசாரித்தார், என்னையல்ல. அவளை மறுபடி உள்ளே போட வேண்டியதாயிற்று. நவம்பரில் துறை தரும் சிறந்த பராமரிப்பாளர் விருதுக்கு அவள் பெயரைச் சொல்லப்போகிறாராம். அந்த விருதுக்கு ஆறு வருடங்களாக நான் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூலை 24

கெஞ்சவ்வா அலுவலகத்துக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டாள், நிலைப்படியிலேயே நிற்பாள்.

“சார், தெற்கு முகப்புல மேல உத்திரக்கல்லு வாய் பிளக்குது. போன மழைக்கு என் கம்பி நகக்கண்ணு அளவுதான் இறங்கும். இப்ப ஒரு விரக்கணு இறங்குது. அங்கதான பள்ளிக்கூடப் புள்ளைங்க உக்காந்து சாப்பிடுதுங்க.”

சாரம் கட்டி ஏறி அந்த இடுக்கிலும் புல் பிடுங்குவது அவள்தான். கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று அவள் கைக்குத் தெரியுமாம்.

அங்கே கண்ணாடிச் சில் இருக்கிறது, கல் அசைந்தால் அது சொல்லும், நீ உன் வேலையைப் பார் என்றேன். சரி சார் என்று போய்விட்டாள். கல்வெட்டு ஆயிற்று, இனி பொறியாளர் வேலையும் இவள்தான் பார்ப்பாளோ?

ஆகஸ்ட் 1

நாகபஞ்சமி. புல் பிடுங்கும் பெண்களுக்கு விடுமுறை. நான் மட்டும் ஏணி போட்டு ஏறி மாதச் சோதனை செய்தேன்.

தெற்கு முகப்புச் சில் இரண்டாக உடைந்திருந்தது.

ஏணியிலேயே வெகுநேரம் நின்றேன். உடைந்தது என்று எழுதினால் அன்றைக்கே மண்டபத்தை மூட வேண்டும், மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் முதலில் கண்டது யார் என்று கேட்பார்கள். அன்று வாசலில் நின்று கேட்ட ராஜாசாப் சொல்லிவிடுவார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. பிறகு மறுபடியும் அவள் படம், மறுபடியும் ‘அலுவலர் ஒருவர்’.

புதுச் சில் வெட்டி ஒட்டினேன். பழைய தேதியையே அதில் எழுதினேன். பதிவேட்டில் நலம்.

வெயிலில் கண்ணாடி தானாக விரிந்திருக்கலாம். விரியும்தானே?

ஆகஸ்ட் 2

என் மனைவி சுமங்கலா பண்டிகைக்குச் செய்த எள்ளுருண்டையைத் தொடாமல் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12

புதுச் சில்லும் போய்விட்டது. பதினொரு நாள் தாங்கியிருக்கிறது. மறுபடி ஒட்டினேன்.

ஆகஸ்ட் 20

தெற்கு முகப்பை அடைத்து முள் போட்டிருக்கிறாள். மதில் பக்கத்திலிருந்து தானே வெட்டி இழுத்து வந்திருக்கிறாள். யாரைக் கேட்டுப் போட்டாய் என்றேன். யாரையும் கேக்கல சார் என்றாள். ராஜாசாபை விட்டு அகற்றினேன்.

ஆகஸ்ட் 21

காலையில் மறுபடியும் முள். அகற்றினேன்.

ஆகஸ்ட் 26

ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னால் வந்து போட்டுவிடுகிறாள். இனி போட்டால் கூலிப் பட்டியலில் பெயரை அடித்துவிடுவேன் என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். மற்ற மூன்று பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரியுமோ? ஏணியில் ஏறி அவளும் சில்லைப் பார்க்கிறவள்தானே. புதுச் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 5

வீட்டிலும் நிம்மதி இல்லை. சாப்பிடும்போது கெஞ்சவ்வாவைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. சுமங்கலா தட்டில் ரொட்டியைப் போட்டபடி, “ஏங்க, அவ புல்லு புடுங்குறவ, நீங்க ஆபீசரு. ரெண்டு மாசமா இந்த வீட்டுல அவ பேரைத் தவிர வேற பேரே காதுல விழல. நான் இருக்கறது ஞாபகம் இருக்கா?” என்றாள்.

கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கைகழுவும்போது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சுமங்கலா சொன்னது முழுக்க உண்மை. ஒருத்தியைக் காதலித்தால்கூட இவ்வளவு நினைக்கமாட்டேன். எரிகிறது. கல்லோடு நான் பதினோரு வருடம் குடித்தனம் நடத்துகிறேன், அது ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. அவளிடம் மட்டும் ஏன் பேசுகிறது?

செப்டம்பர் 9

மூன்றாவது சில்லும் உடைந்தது. மறுபடி ஒட்டினேன்.

செப்டம்பர் 17

இரண்டு நாளாக விடாத மழை. இன்று காலை கொஞ்சம் வெளுத்தது. பாகல்கோட் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம், அறுபது பிள்ளைகள். மதியம் அவர்களுடைய ஆசிரியர் அலுவலகத்துக்கு வந்து, மழைத்தண்ணீர் தேங்காத இடம் அந்த முகப்பு ஒன்றுதான், ஒரு பெண் உட்கார விடமாட்டேன் என்கிறாள் என்று புகார் செய்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. விறுவிறுவென்று போனேன்.

முள்ளைப் போட்டு அதன் முன்னால் நின்றிருந்தாள். பிள்ளைகள் தூக்குப்பாத்திரங்களோடு வரிசையில். நகரு, இன்றோடு உனக்கு வேலை இல்லை என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. குனிந்து முள்ளைக் கொஞ்சம் விலக்கி, ஒரு ஆள் போகிற அளவு வழி விட்டாள்.

“சரி சார். முதல்ல நீங்க போய் உக்காருங்க. உங்களுக்கு அப்புறம் புள்ளைங்களை நானே விடறேன்.”

நாலு எட்டு. அவ்வளவுதான் தூரம். ஆசிரியர் பார்க்கிறார், ராஜாசாப் பார்க்கிறார், அறுபது பிள்ளைகள் பார்க்கிறார்கள். மேலே நான் ஒட்டிய சில் வெயிலில் மின்னியது.

என் கால் எழவில்லை.

பிறகு ஆசிரியரிடம், பிள்ளைகளை அலுவலகத்துக்குள் கூட்டிப்போய் உட்கார வையுங்கள், இங்கே வேண்டாம் என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. அலுவலகத்தில் மேசைக்கடியில்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளை அங்கே உட்கார வைக்கத்தானே போனேன். நானா? நான்தான்.

செப்டம்பர் 19

காலை பத்தரைக்கு மழையில் தெற்கு முகப்பு விழுந்தது. உத்திரக்கல், மேல்தளம், இரண்டு தூண்கள். முன்னால் முள் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. காளோஜனின் பெயர் இருந்த படிக்கல் அடியில் நசுங்கிப்போயிற்று.

சத்தம் கேட்டு ஓடினேன். கெஞ்சவ்வா மழையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. அதற்கும் அவள்தான்.

செப்டம்பர் 22

விசாரணைக்கு வட்ட அலுவலகத்திலிருந்து பொறியாளர் வந்தார். பதிவேடு கேட்பார் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அவர் முள்ளைத்தான் பார்த்தார். முறையாக மூடியிருந்ததால்தான் உயிர்ச்சேதம் இல்லை, யார் மூடச் சொன்னது என்று கேட்டார். வேலையாட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கெஞ்சவ்வா சொன்னாள்.

“எங்க சார்தான் போடச் சொன்னாரு.”

பொறியாளர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். ராஜாசாப் வானத்தைப் பார்த்தார்.

செப்டம்பர் 24

பத்திரிகையில் என் படம். முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். ‘அலுவலரின் விழிப்புணர்வால் அறுபது மாணவர்கள் தப்பினர்.’ பிள்ளைகள் வந்து போனது இரண்டு நாள் முன்னால் என்பதை விட்டுவிட்டார்கள். சுமங்கலா கத்தரித்துக் கண்ணாடிச் சட்டத்தில் போடப்போகிறாளாம். வேண்டாம் என்று கத்தினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கெஞ்சவ்வாவைத் தனியாகப் பிடித்து, எதற்குப் பொய் சொன்னாய் என்று கேட்டேன். கம்பியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“நெசத்தைச் சொன்னா உங்களைத் தூக்கிடுவாங்க. புதுசா ஒரு சார் வருவாரு. அவரையும் முதல்லேருந்து பழக்கணும். உங்களைப் பழக்கவே எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு.”

வேலைக்குப் போனாள்.

வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட பேர் கிடைத்துவிட்டது. அதையும் அவள் கையால்தான் வாங்கினேன். விட்டுக்கொடுக்கிறதில்கூட அவளே பெரிய மனுஷி. இதைவிட அவள் என்னை நாலு பேர் முன்னால் கிழித்திருக்கலாம்.

அக்டோபர் 8

நவம்பர் விருது எனக்காம். சால்வை, கேடயம். கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

அக்டோபர் 10

பதில் அனுப்பிவிட்டேன். மூன்று தடவை சில் உடைந்ததை மறைத்து மாற்றியது நான். முள் போட்டது கெஞ்சவ்வா. எடுக்கச் சொன்னது நான். வேறெதுவும் எழுதவில்லை, காரணம்கூட. காரணத்தைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சுமங்கலாவிடம் சொன்னேன். தட்டை எடுத்து வைத்தாள். பிறகு சாப்பிட வாங்க என்றாள்.

அக்டோபர் 14

என்னைத் தூக்கும் உத்தரவு இன்னும் வரவில்லை. எப்படியும் இந்த வாரத்துக்குள் வந்துவிடும். அதுவரை நான்தான் பொறுப்பு.

காலையில் கெஞ்சவ்வா மேற்கு மண்டபத்தின் இடுக்கைக் குடைந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் நின்றாள், மறுபடி குடைந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன். முழங்கால் மளுக்கென்றது. கம்பியைக் கேட்டேன், கொடுத்தாள். விட்டுப் பார்த்தேன். கல், மண், ஒரு புல் வேர். எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

“பேனா புடிக்கற மாதிரி புடிக்கிறீங்க சார்” என்று சிரித்துக் கம்பியை வாங்கிக்கொண்டாள். விட்டாள். முகம் மாறியது. இதையும் மூடிடறது நல்லது சார் என்றாள்.

அண்ணாந்து பார்த்தேன். மேற்கு மண்டபத்துச் சில் நான் ஒட்டியதல்ல, பழையது. ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. கருவிப்படி எல்லாம் நலம். வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

பத்து மணிக்கு மண்டபத்தை மூடினேன்.