கணினிக்காக ஒரு வேலைநிறுத்தம்

பிப்ரவரி 9, ஞாயிறு

எங்கள் குரோவேஷிய மன்றத்தின் ஐம்பதாம் ஆண்டுப் படத்தை வெட்டி ஒட்ட இன்றும் உட்கார்ந்தேன். மடிக்கணினி இன்றும் அதே இடத்தில் உறைந்தது. 1978 கோடைச் சுற்றுலாவில் பாதிரியார் யோசோ கோஸ் இலை உருண்டையை வாயருகே கொண்டுபோகும் இடம். நாற்பது நிமிடம் திறந்த வாய். நான் போய்த் துணி மடித்துவிட்டு வந்தேன். வாய் அப்படியே இருந்தது.

மே 3 விழா. ஹாமில்டனில் உள்ள அத்தனை குரோவேஷியர்களும் வருவார்கள். அறுபது மணி நேரப் பழைய ஒளிப்பதிவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் எடுக்க வேண்டும். கூட்டத்தில் 'யார் செய்வீர்கள்' என்று கேட்டபோது கையைத் தூக்கியவள் நான்தான். யார் தூக்கச் சொன்னது?

கூடார வண்டியை விற்ற ஆயிரத்து இருநூறு டாலர் இருக்கிறது. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால் அதற்குள் நல்ல கணினியே அமையும் என்று கணினிக் கடைக்காரப் பெண் சொன்னாள். டாரிலிடம் சொன்னேன். என் கணவன் முகம் இப்படி மலர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

அவனுக்கும் கணினி வேண்டுமாம். விளையாட. என்ன விளையாட்டு? கிரேன் ஓட்டும் விளையாட்டு.

முப்பத்துமூன்று வருடம் எஃகு ஆலையில் கிரேன் ஓட்டியவன். முழங்கால் போய் செப்டம்பரில் ஓய்வு பெற்றவன். இனித் திரையில் கிரேன் ஓட்டப் போகிறான். துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டி இறக்கும் வேலை. சம்பளம் கிடையாது.

"கொக்கியோட நிழல் தரையில சரியா விழணும், நெவ். நிழல் தெரியாம எப்படி இறக்குறது? நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும்."

"எனக்கு நல்ல பிராசஸர் வேணும், நிறைய மெமரி வேணும். பாதிரியார் வாயை மூடணும்."

அவன் ஒரு பட்டியல் எழுதினான், நான் ஒன்று எழுதினேன். இரண்டையும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினோம். தனித்தனியாகவே இரண்டும் மொத்தப் பணத்தையும் விழுங்கின. அவன் பட்டியலில் பாதிப் பணம் ஒரே கார்டுக்கு. என் பட்டியலில் கார்டே இல்லை.

பிப்ரவரி 15, சனி

லோர்ன் பனி அள்ளும் மண்வாரியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அடுத்த வீடு. எழுபத்துநான்கு வயது. ஆலைத் தொழிற்சங்கத்துக்காக இருபத்திரண்டு வருடம் நிர்வாகத்தோடு பேசியவர். மனைவி குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போயிருக்கிறாள். மனிதர் காலையில் எழுந்து செய்ய ஒன்றுமில்லாமல் இருக்கிறார்.

குளிர்ப்பெட்டியில் இருந்த இரண்டு பட்டியலையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதுக்கு நடுவர் யாரு?"

"யாரும் இல்ல."

"நல்லவேளை நான் வந்தேன்."

பத்து நிமிடத்தில் டாரில் நிலவறையில், நான் சமையலறையில். இனி நாங்கள் நேரடியாகப் பேசக் கூடாதாம். பேசினால் அது நம்பிக்கைத் துரோகமாம். லோர்ன் படியில் ஏறி இறங்கினார். மூன்று மணிவரை முப்பத்தொரு தடவை.

"எதிர்த்தரப்பு முப்பத்திரண்டு ஜிகாபைட் மெமரிக்கு இறங்கி வந்திருக்கு. பதிலுக்கு நீங்க வெள்ளை கேபினெட்டை விட்டுக் கொடுக்கணும்."

"எதிர்த்தரப்புக்கு சூப் வேணுமான்னு கேளுங்க."

"அது இன்னிக்குப் பட்டியல்ல இல்ல, நெவென்கா."

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் டாரிலிடம் உப்பு கேட்டேன். அவன் லோர்னுக்குப் போன் செய்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஒப்பந்தம் கையெழுத்தானது. பதினான்கு பக்கம். ஆறு கோர் பிராசஸர். முப்பத்திரண்டு ஜிகாபைட் மெமரி. நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு. அது என் வேலையையும் வேகமாக்கும் என்று கடைக்காரப் பெண் சத்தியம் செய்த பிறகே ஒப்புக்கொண்டேன். நல்ல மதர்போர்டு, ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி., கறுப்பு கேபினெட். நான் கேட்டதில் எட்டு கோர் போயிற்று. அவன் கேட்டதில் நிழல் கொஞ்சம் மங்கலாக விழுமாம்.

லோர்ன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரே அளவு தொங்குது. நல்ல ஒப்பந்தம்."

செய்தித்தாளில் வருவதுபோல் கைகுலுக்கச் சொல்லிப் படமெடுத்தார். மூன்று தடவை. டாரில் கை சூடாக இருந்தது. ஒரு வாரமாக நாங்கள் தொட்டுக்கொண்டது அதுதான்.

பாகங்களுக்கு ஆர்டர் போட்டாயிற்று.

மார்ச் 1, சனி

எங்கே வைப்பது?

நான் மாடித் தையலறை என்கிறேன். அவன் முழங்காலுக்கு மாடி ஏறாது, நிலவறை என்கிறான். நிலவறையில் ஈரம், மின்சாரச் சாமான் ஆறு மாதம் தாங்காது. லோர்ன் பதினான்கு பக்கத்தையும் புரட்டினார். இடம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"புது விவகாரம்," என்றார். குரலில் மகிழ்ச்சியை மறைக்கக்கூட இல்லை.

மாலை வேலைநிறுத்த வாக்கெடுப்பு. ரகசிய வாக்கு. டாரில் ஒருவனே வாக்காளன். துணி தொங்கவிட்டு மறைவு கட்டி, காபி டப்பாவில் சீட்டுப் போட்டான். லோர்ன் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இல்லை. செல்லாத வாக்கும் இல்லையாம்.

மார்ச் 3, திங்கள்

வேலைநிறுத்தம். பாத்திரம் கழுவ மாட்டான், பனி அள்ள மாட்டான், குப்பை எடுத்து வைக்க மாட்டான்.

வண்டி நுழையும் பாதையின் வாயிலில் மடக்கு நாற்காலி, தகர டிரம்மில் நெருப்பு, கையில் அட்டை: 'இடம் முடிவாகாமல் வேலை இல்லை.' பழைய ஆலை ஆட்கள் நாலு பேர் டோநட்டோடு வந்துவிட்டார்கள். போகிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கிறது. எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. இந்த ஊரில் டிரம்மில் நெருப்பு எரிந்தால் ஹாரன் அடிப்பார்கள்.

பல் மருத்துவமனைக்கு வேலைக்குக் கிளம்பினேன். மறியல் வழக்கப்படி ஐந்து நிமிடம் என் காரை நிறுத்திவைத்தார்கள். அப்புறம் டாரில் மரியாதையாக ஒதுங்கினான்.

"பாத்துப் போ, ரோடு வழுக்குது. மத்தியானத்துக்கு சூப் இருக்கா?"

"ரெண்டாவது தட்டுல இருக்கு."

"நேரடிப் பேச்சு!" என்று அடுத்த வீட்டு மாடியிலிருந்து லோர்ன் கத்தினார்.

மார்ச் 5, புதன்

இன்றைக்கு மருத்துவமனையில் மூன்று நோயாளிகள் கேட்டார்கள், உங்கள் வீட்டில் என்ன பிரச்சினை என்று. என்ன சொல்ல? கணினி வைக்க இடம் — அந்தக் கணினி இன்னும் வரவே இல்லை. என்ன மனுஷன் இவன்? முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன், என்கிட்ட வந்து 'நெவ், எனக்கு இது ஏன் வேணும்னா' அப்படின்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா? பனியில உக்காந்து அட்டை பிடிக்க முடியுது. படம் ஒரு நிமிஷம்கூட நகரல. இன்னும் எட்டு வாரம்தான். நான் எங்க போய்ச் சொல்ல?

பாதிரியார் இன்னும் வாயைத் திறந்தபடி இருக்கிறார்.

மார்ச் 7, வெள்ளி

பாகங்கள் வந்தன. வந்தன என்று எழுதுவது சரியா? தெரியவில்லை.

கூரியர் வண்டி எங்கள் வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்றது. ஓட்டி வந்த பெண் இறங்கினாள். சட்டையில் ஜோலீன் என்று பெயர். டிரம்மைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி ஏறப் போனாள். நான் செருப்போடு பனியில் ஓடினேன்.

"எங்கம்மா போறே? பெட்டியைக் குடுத்துட்டுப் போ!"

"மன்னிச்சுக்கங்க மேடம். எங்கப்பா, எங்க தாத்தா, ரெண்டு பேரும் ஆலை ஆளுங்க. நான் மறியல் கோட்டைத் தாண்ட மாட்டேன்."

"உன் வண்டில இருக்கற பெட்டிக்காகத்தான் இந்த மறியலே நடக்குது!"

"அது உங்க வீட்டு விஷயம். கோடுன்னா கோடுதான்."

டாரில் நாற்காலியிலிருந்து எழுந்து தொப்பியைக் கழற்றினான். அவளும் நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்தாள். ஏதோ ராணுவ அணிவகுப்புபோல் இருந்தது. வண்டி கிளம்பிப் போனது. அதற்குப் பிறகுதான் அவன் முகத்தில் வேறு ஏதோ வந்தது. தெருமுனை திரும்பும்வரை அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயே போய் வாங்கிட்டு வாயேன். கிடங்குல அஞ்சு நாள்தான் வச்சிருப்பாங்களாம், அப்புறம் திருப்பி அனுப்பிடுவாங்க."

"என் மறியலை நானே உடைக்கவா, நெவ்?"

மார்ச் 8, சனி

காலையில் எழுந்ததும் எதுவும் யோசிக்கவில்லை. பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் 'நானும்' என்று பெரிதாக எழுதினேன். இன்னொரு மடக்கு நாற்காலியை எடுத்துப் போய் அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

லோர்ன் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். "நீங்க யாரை எதிர்த்து?"

"எல்லாத்தையும்."

"அப்படி இல்லம்மா. ரெண்டு தரப்புமே வேலைநிறுத்தம் பண்ணினா முதலாளி யாரு?"

மூன்று பேரும் யோசித்தோம். உண்மையாகவே யோசித்தோம். "பழைய கோப்பைப் பாத்துட்டு வர்றேன்," என்று லோர்ன் வேகமாக உள்ளே போனார்.

நெருப்பு நன்றாக இருந்தது. டாரில் பாதி டோநட்டை நீட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"வாலஸுக்கு உடம்பு சரியில்ல."

வாலஸ் பத்தொன்பது வருடம் இவனுக்கு எதிர்க் கிரேனில் இருந்தவன். ஓய்வு பெற்று மகளோடு இருக்க மேற்கே சஸ்காச்சுவன் மாகாணத்துக்குப் போய்விட்டான்.

"பார்கின்ஸன். கையில காபி நிக்க மாட்டேங்குது. ஆனா அந்த விளையாட்டுல நடுக்கத்தைத் தள்ளிட்டு அசைவை மட்டும் எடுத்துக்கற மாதிரி அவன் மக ஏதோ மாத்திக் குடுத்திருக்கா. அறுபது டன்னை இறகு மாதிரி இறக்கறான், நெவ். வீடியோ அனுப்பினான். ஆனா பெரிய பாரம்னா ரெண்டு கிரேன் சேந்துதான் தூக்கணும். எதிர்ல ஆள் இல்ல அவனுக்கு. யாரோ முன்னப்பின்ன தெரியாத பசங்களோட தூக்கறான். அவனுங்க பாதியில விட்டுட்டுப் போயிடறானுங்களாம்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நேரடியாப் பேசக்கூடாதுன்னுட்டாரே."

"அதுக்கு முன்னாடி?"

அவன் நெருப்பில் ஒரு கட்டையைப் போட்டான். காரணத்தை அவன் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பரிலிருந்து நான் அவனிடம் என்ன கேட்டிருக்கிறேன்? சாப்பிட்டாயா, குப்பை வைத்தாயா. வேலையிலிருந்து வந்தால் தட்டு, அப்புறம் ஒளிப்பதிவு. 1978இல் யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். நிலவறையில் இருந்தவன் என்ன செய்தான் என்று தெரியாது.

"சாப்பாட்டு அறையில வைக்கலாம்," என்றேன். "ஜன்னல் பக்கம். மாடியும் இல்ல, ஈரமும் இல்ல."

"சாப்பாடு?"

"மடியில வச்சுச் சாப்பிடலாம்."

அட்டையை நெருப்பில் போட்டான். என்னுடையதையும் வாங்கிப் போட்டான். நாலு மணிக்கு லோர்ன் மூச்சிரைக்க வந்தார். "கண்டுபிடிச்சுட்டேன்! சட்டப்படி உங்க ரெண்டு பேருக்கும் முதலாளி அந்தக் கணினிதான்!"

முடிந்துவிட்டது என்று சொன்னோம். பாவம், அவர் முகம் வாடிவிட்டது. சூப் குடிக்க வரச் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

ஜோலீன் பெட்டிகளைக் கொண்டு வந்து வாசல்வரை தூக்கிக் கொடுத்தாள். "எவ்வளவு ஜெயிச்சீங்க?" என்று டாரிலைக் கேட்டாள். "சாப்பாட்டு அறை," என்றான். அவள் வாழ்த்துச் சொன்னாள்.

வேலையிலிருந்து நான் வந்ததும் பூட்ட ஆரம்பித்தோம். லோர்ன் பார்வையாளர். டாரில் விரல் ஒவ்வொன்றும் கேரட் மாதிரி, ஆனால் பிராசஸரை அவன் வைத்த விதத்தைப் பார்த்தேன் — மூச்சை அடக்கி, மேலிருந்து நேராக, தொட்டதே தெரியாமல். இந்த மனிதன் முப்பத்துமூன்று வருடம் என்ன வேலை செய்தான் என்று எனக்கு இன்றுதான் புரிந்தது.

பொத்தானை அழுத்தினோம். ஒன்றும் இல்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. கடைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"பவர் சப்ளை எத்தனை வாட் மேடம்?"

"அது எதும்மா?"

எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியாம். பட்டியலில் அது இல்லாததைப் பார்த்து, வேறு கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்று அவள் நினைத்துவிட்டாளாம்.

லோர்ன் ஒப்பந்தத்தை எடுத்தார். பதினான்கு பக்கம். நிழலுக்கு ஒரு பத்தி இருந்தது. கேபினெட்டின் நிறத்துக்கு இரண்டு பத்தி. மின்சாரம் எங்கேயும் இல்லை.

"ரெண்டு தரப்பும் அதைக் கேக்கவே இல்லையே," என்றார். படியில் உட்கார்ந்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷம்... ஆலைக்குப் போட்ட ஒப்பந்தத்துல எல்லாம் என்னென்ன விட்டிருப்பேனோ!"

டாரில் சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. லோர்ன் கோட்டை மாட்டிக்கொண்டு யார் சொல்லியும் கேட்காமல் கடைக்குப் போய், தன் செலவிலேயே வாங்கி வந்தார். அறுநூற்றைம்பது வாட். இரண்டு கணினிக்குப் போதும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாதிரியார் யோசோ உருண்டையை விழுங்கினார்! நாற்பத்தேழு வருடம் கழித்து. விழுங்கிவிட்டு அவர் ஆடிய ஆட்டம் ஒன்று இருக்கிறது, திரையில் யாருமே பார்த்ததில்லை.

காலையில் நான், மதியத்துக்குப் பிறகு டாரில். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சமையலறையில் இருக்கும்போது வாலஸின் குரல் கேட்கிறது. "டேய் டாரில், தூங்கறியாடா? உன் பக்கம் தாழுது பாரு."

மே 3, சனி

படம் ஓடியது. பாதிரியார் ஆடியபோது கூடமே எழுந்து ஆடியது. கடைசியில் 'நடுவர்: லோர்ன்' என்று வந்தது. எதற்கு நடுவர் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

மே 11, ஞாயிறு

வாலஸின் மகள் போன் செய்தாள். குளியலறையில் விழுந்துவிட்டானாம், இடுப்பு எலும்பு. நினைவு நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வர எத்தனை வாரம் என்று தெரியாது.

டாரில் விளையாட்டைத் திறந்தான். எதிர்க் கிரேன் காலியாக நின்றது. அவன் எதையும் தூக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் ஒரே திரையில் ஓட்டலாமாம். முதல் தடவை சரக்குப் பெட்டியைக் கடலில் போட்டேன். இரண்டாம் தடவை கப்பல் மேலேயே போட்டேன். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அவசரமில்ல. கொக்கி ஆட்டம் நிக்கட்டும். அப்புறம் இறக்கு," என்று மட்டும் சொன்னான்.

ஆறாவது தடவை பெட்டி தரையைத் தொட்டது. டாரில் அதைப் படமெடுத்து வாலஸின் மகளுக்கு அனுப்பினான்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: 'அப்பா பார்த்தார். ஆன்ட்டி பக்கம் ரெண்டு அங்குலம் ஒசந்திருக்காம். மறுபடி பண்ணச் சொல்றார்.'

மறுபடி தூக்கினோம்.