பந்தியில் பார்த்த உயரம்

டிரங்குப் பெட்டியின் அடியில் அந்த ஷூக்கள் கிடந்தன. பன்னிரண்டாம் நம்பர், வெள்ளைக் கான்வாஸ், ஒரு நாள்கூட மண்ணைத் தொடாதவை. ரப்பர் வாசனையும் பாச்சா உருண்டை வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தபோது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். போன புருஷனின் பெட்டியைத் திறந்தால் மற்ற வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆளைக் கண்டுபிடிக்கும் முன்பே ஆளுக்கு ஷூ வாங்கி வைத்த மனிதர் இந்தத் திருநெல்வேலியில் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இருந்தபோது நான் இந்தப் பேச்சை எடுத்தாலே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வீர்கள். இனி மறைக்க முடியாது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

நூல் மில்லில் லேபர் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதன் கூடைப்பந்து அணியை நீங்கள் விடவில்லை. செயலாளர் என்று பெயர். ஆடுகிறவர்கள் எல்லாரும் பந்துக்காகவே மில்லில் தற்காலிக வேலை கொடுத்து வைக்கப்பட்டவர்கள். பந்து நின்றால் பிழைப்பும் நின்றது. தொண்ணூற்று நான்கில், வளையத்தின் அடியில் நின்று ஆடும் நம் நெட்டையனுக்கு ரயில்வேயில் நிரந்தர வேலை கிடைத்தது. போகாமல் என்ன செய்வான்? முதலாளி உங்களைக் கூப்பிட்டு, மே மாதப் போட்டியில் காலிறுதிக்காவது வந்தால் அணி இருக்கும், இல்லாவிட்டால் கலைத்துவிடலாம் என்றார். புது நெட்டையனுக்காக அவர் ஒதுக்கியது ஒரே ஓர் இடம். அதுவும் பேக்கிங்கில், தினக்கூலி.

ஆறடிக்கு மேல் வளர்ந்து பந்தும் ஆடத் தெரிந்தவன் எவன் தினக்கூலிக்கு வருவான்? வங்கியும் போலீசும் அவனைப் பள்ளிக்கூட வாசலிலேயே கொத்திக்கொண்டு போய்விடும். ஆகவே பந்தையே தொட்டிராத ஒரு நெட்டையனைப் பிடிப்பது என்று முடிவு செய்தீர்கள். பாபநாசம் ரூட் கண்டக்டர்கள் எல்லாரிடமும், குனிந்து பஸ் ஏறுகிறவன் யாராக இருந்தாலும் தகவல் சொல்லச் சொன்னீர்கள். சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துப் போன் வரும். "அண்ணாச்சி, இங்கன கல்லிடைக்குறிச்சில ஒருத்தன் எறங்குதான், தல மேல கம்பில இடிக்கி!" நீங்கள் மோர்ச் சாதத்தை விட்டுவிட்டு ஓடுவீர்கள். ஒருவர் ஐம்பது வயதுக் கல்லூரி ஆசிரியர். மேலப்பாளையத்தில் கிடைத்தவன் நிஜமாகவே நெட்டை. "வாப்பா விசா அனுப்பிட்டாவ, வெள்ளிக்கிழம துபாய் போறேன். பந்த அங்கன வந்து வெளாடட்டுமா?" என்று சிரித்தானாம். அந்த வாரம்தான் ஷூ வாங்கினீர்கள்.

பிறகு அம்பாசமுத்திரத்தில் உங்கள் பெரியப்பா பேத்தி கல்யாணம். ஆண்களின் பந்திக்கு எதிரே பெண்களின் பந்தி. ஆண்கள் பக்கம் ஜமுக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே ஒரு தலை மட்டும் மற்ற எல்லாத் தலைகளையும்விட ஒரு சாண் உயர்ந்து நின்றது. உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதே பந்தியில் தூத்துக்குடி அணிக்கு ஆள் பிடிக்கிற மனிதரும் உட்கார்ந்து அவியலைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் படுவதற்குள் முந்த வேண்டும். நீங்கள் போய் அந்த இலைக்கு முன்னால் குத்துக்காலிட்டீர்கள். மெதுவாகப் பேசுவதாக உங்களுக்கு நினைப்பு. எனக்கு எதிர்வரிசையில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஏலே, பேரென்ன?"

"பேச்சிமுத்து, அண்ணாச்சி."

"என்ன வேல செய்யுத?"

"ரைஸ் மில்லுல மூட தூக்குதேன்."

"நம்ம மில்லுக்கு வாரியா? பந்து வெளாடணும்."

"எனக்குக் கபடிதான் தெரியும்."

"அத நாங்க பாத்துக்கிடுதோம். வாரியா, மாட்டியா?"

"அண்ணாச்சி கூப்பிட்டா வராம என்ன? வேலைய விடுதேன்னு மேஸ்திரிகிட்ட இன்னிக்கே சொல்லிருதேன்."

அவன் மண்டபத்துக்குள் நடந்து வந்தபோது நான் பார்த்திருந்தேன். உடம்பெல்லாம் இடுப்புக்கு மேலேதான், கால் குட்டை. உள்ளங்கையைக் கவிழ்த்து, குள்ளம், குள்ளம் என்று உங்களுக்குச் சைகை காட்டினேன். நீங்கள் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு எனக்குப் பாயசம் விடச் சொன்னீர்கள்.

சாப்பிட்டு முடித்து அவன் எழுந்தான். இன்னும் எழுவான் என்று நீங்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றீர்கள். அவன் எழுந்து முடித்திருந்தான். உங்கள் காது உயரம். கை கழுவும் இடத்தில் தூத்துக்குடிக்காரர் உங்கள் தோளைத் தட்டினார். "நல்ல ஆளத்தான் பிடிச்சிருக்கீரு வே. இவன் மேல இன்னொருத்தன அடுக்கினா வளையத்தத் தொட்டுரலாம்."

திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன்: "எந்திரிச்சு நிக்கச் சொல்லிப் பாத்திருக்கலாம்லா?"

"சாப்பிடுதவன எலயிலேருந்து எப்படி எழுப்ப?"

அது நியாயம்தான். நம் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. "அப்ப கை கழுவுறவரைக்கும் பொறுத்திருக்கலாம்" என்றேன்.

"அதுக்குள்ள அந்தத் தூத்துக்குடிக்காரன் முந்தியிருப்பான்."

"முந்தியிருந்தா அவர் ஏமாந்திருப்பார்!"

"இங்கேரு, அவன் இருந்த வேலைய விட்டாச்சு. இனி நம்ம ஆளு." பேப்பரை விரித்தீர்கள். அது காலையில் படித்து முடித்த பேப்பர்.

ஷூ அவனுக்குச் சேரவில்லை. அவனுக்கு எட்டாம் நம்பர். உயரத்துக்கும் வழி தேடினீர்கள். பாளையங்கோட்டை மைதானத்துச் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டு, தினமும் அவனைக் குதிக்க வைத்தீர்கள். நெல் மூடை குதித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரு நாள் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டு வந்தபோது நான் அவன் காலைக் கவனித்தேன். பாவாடை தாவணியில் நாங்கள் நெட்பால் ஆடிய காலத்தில் எங்கள் சிஸ்டர், "முதலில் காலைப் பார், கையைப் பிறகு பார்" என்பார். பேச்சிமுத்து ஓர் இடத்தில் நின்றால் தரையில் அறைந்த மாதிரி நின்றான். உங்களிடம் சொன்னேன். "இது கான்வென்ட் வெளாட்டு இல்ல" என்றீர்கள். வளையத்தின் உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதையும் சொன்னேன். கேட்டால்தானே!

கேப்டன் ஜெபராஜுக்கு வேலை போய்விடும் என்ற பயம். அதைக் கேலியாக்கிப் பேச்சிமுத்துவின் தலையில் கொட்டினான். "அண்ணாச்சி ஒன்னய பந்தில உக்கார வச்சுப் பாத்து ஏமாந்துட்டாவலே. மேட்சுலயும் சம்மணம் போட்டு உக்காந்து வெளாடு!" எல்லாரும் சிரித்தார்கள். பேச்சிமுத்துவும் சிரித்தான். அன்று சாயங்காலம் நம் வாசலில் வந்து நின்றான். "அண்ணாச்சி, ஜெபராஜ் சொல்லுதது நெசமா? என்னையத் தெரியாமத்தான் எடுத்தீயளா?" நிமிர்ந்து ஒரு பதில் சொல்லியிருக்கலாம். "போய்க் குதில" என்றீர்கள். அவன் போன பிறகு உங்கள் காபியில் நான் சீனி போடவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவும் இல்லை.

மே மாதப் போட்டி வெளியூரில், நானும் வந்திருந்தேன். முதல் ஆட்டம். எதிரணியில் ஆறடி ஐந்தங்குலத்தில் ஒருவன். இடைவேளைக்குள் நாம் வெகுவாகப் பின்தங்கிவிட்டோம். நீங்கள் துண்டை உதறி, "குதில, குதி!" என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். பேச்சிமுத்து தண்ணீரைக் குடித்துவிட்டு முதல் தடவையாக உங்களை மறுத்துப் பேசினான். "குதிக்க வரல அண்ணாச்சி. நான் நிக்கேன். எவனும் உள்ள வரமாட்டான்."

முதுகில் மூடை வாங்குகிறவன் மாதிரி இடுப்பைத் தாழ்த்தி, நெட்டையனுக்கு முதுகைக் காட்டி நின்றான். நெட்டையன் நெஞ்சால் தள்ளினான், தோளால் தள்ளினான். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்து இரண்டு பேருக்கும் முன்னால் விழுந்தது. நெட்டையனால் அதை எட்ட முடியவில்லை. ஜெபராஜ் சாவகாசமாக எடுத்துக்கொண்டு ஓடினான். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். மறுநாளும் ஜெயித்தோம். காலிறுதியில் நன்றாக உதை வாங்கினோம். ஆனால் அணி பிழைத்தது.

அதோடு விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஊர் திரும்பிய மறுநாள் காலை, காபியை ஆற்றியபடி என்னிடமே சொன்னீர்கள். "அடிக்கட்டு கனமா உள்ள பயன்னு அன்னைக்குப் பந்தியிலயே பாத்துட்டேன்." நான் டம்ளரை வைத்த சத்தம் அடுத்த வீடு வரை கேட்டிருக்கும். மூன்று வருஷம் இதையே கல்யாண வீட்டிலும் துஷ்டி வீட்டிலும் சொன்னீர்கள். கடைசியில் நீங்களே நம்பவும் ஆரம்பித்துவிட்டீர்கள். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்தி. ஒரு நாள் எல்லார் முன்னிலும் போட்டு உடைக்கத்தான் போகிறேன் என்று இருந்தேன்.

அந்த நாளும் வந்தது. உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பின் பேச்சிமுத்து மட்டும் நின்றான். இப்போது அவன்தான் கேப்டன். மில்லில் நிரந்தரமும் ஆகிவிட்டது. துண்டை முறுக்கியபடி கேட்டான்.

"ஆச்சி, நீங்களும் அந்தக் கல்யாணத்துல இருந்தீயல்லா. நீங்க பொய் சொல்ல மாட்டீயன்னு அண்ணாச்சி சொல்லுவாவ. அவிய என்னைய நெசமாவே பாத்துத்தான் எடுத்தாவளா? இல்ல, ஏமாந்து எடுத்தாவளா?"

மூன்று வருஷமாக நான் தயாராக வைத்திருந்த பதில். ஒரு வார்த்தை போதும். அவன் முகத்தைப் பார்த்தேன்.

"பாத்துத்தான் எடுத்தாவ. நீ எலைக்கு முன்னால உக்காந்திருந்த உறுதியப் பாத்துட்டு, இவன யாராலயும் அசைக்க முடியாதுன்னு அன்னைக்கு பஸ்ஸுல என்கிட்ட சொன்னாவ."

அவன் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்து போய்விட்டான். நான் கதவைச் சாத்தினேன். கான்வென்ட்டில் ஒரு பொய்க்கு ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க வேண்டும். இந்த அறுபத்தொன்பது வயதில், இந்த மூட்டு வலியோடு, யார் பொருட்டு என்னை இப்படி ஆக்கினீர்கள்?

அவன் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். "ஆச்சியே சொன்னாவ" என்று என்னைச் சாட்சியாகவும் சேர்த்துக்கொண்டான். யார் யாரோ வந்து விசாரிக்கிறார்கள். நேற்றுப் பால்காரர்கூடக் கேட்டார். ஆமாம், உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்தார்கள் என்று ஆரம்பித்து, உங்கள் குரலில் நீங்கள் சொல்லாத இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அது சரளமாக வருகிறது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.