தலைக்கு மேல் காய்த்த ஏலக்காய்

அக்கா, உங்கள் தட்டு என் மடியில் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான், நடுவில் பச்சை ஏலச்செடி, உச்சியில் இலைகளுக்கிடையே மாங்காய் மாதிரித் தொங்கும் காய்கள். முதுகில் அந்த ஆளின் கையெழுத்து. நீங்கள் கண்ணை மூடி ஆறு வருஷமாகியும், அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

சுவீடனில், உங்கள் ஊர்ப் பீங்கான் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீங்கள் வரைந்த சித்திரம். உங்கள் ஊர் இனிப்பு ரொட்டியில் போடும் உலர்ந்த ஏலக்காயைத்தான் கண்டிருந்தீர்கள், செடியைக் கண்டதில்லை. கிளையில்தான் காய்க்கும் என்று நினைத்து வரைந்துவிட்டீர்கள். ஆலையின் தலைமை ஓவியன் அதை அப்படியே தட்டில் வரைந்து தன் பெயரைப் போட்டுக்கொண்டான். உலகமே அவனைக் கொண்டாடியது.

வயதான பிறகு எங்கள் குரங்கணி மலைக்கு வந்து, என் ஏலத்தோட்டத்து வீட்டில் குயவர் சக்கரமும் சூளையுமாகக் குடியேறினீர்கள். முதல் நாளே செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் கிடந்த சரத்தில் காயைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். தமிழ் கொஞ்சம் பழகியதும் ஒரு நாள், பெட்டியிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்து நீட்டினீர்கள்.

"தப்பு, தங்கச்சி. கிழிச்சிரு."

ஓரத்தில் உங்கள் பெயரும் தேதியும் இருந்தன. கிழிப்பேனா நான்? பிடுங்கிப் பீரோவில் பூட்டினேன். "அந்தாளச் சும்மாவா விடுறது?" என்று கத்தினேன். "செத்துட்டான், விடு" என்று சிரித்தீர்கள். நீங்கள் விட்டீர்கள். நான் விடவில்லை.

போன வாரம் அவன் பேரன் மலையடிவாரத்துப் போடிக்கு வந்தான். அதே தட்டை மறுபடி விற்கப்போகிறார்களாம். தாத்தா இந்த மலையில் ஒரு மாதம் உட்கார்ந்து, செடியைப் பார்த்துப் பார்த்து வரைந்தாராம். விளம்பரப் படம் எடுக்கத் தோட்டம் வேண்டுமாம். "தாராளமா வாங்க தம்பி" என்றேன். அவ்வளவு இனிப்பாக என் மருமகனிடம்கூட நான் பேசியதில்லை.

தோட்டத்தில் கேமரா ஓடியது. "ஒங்க தாத்தா பாத்த காயி எங்கன தொங்குது? காட்டுங்க பாப்போம்" என்றேன். கூட வந்த மதுரைக்காரர் அவன் மொழியில் சொன்னார். பேரன் கையில் தட்டோடு, அண்ணாந்து, இலை இலையாக விலக்கித் தேடினான். காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களில் பேச்சியம்மாளால்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அடப் போங்கப்பு! காயி காலுக்கடியில கெடக்கு, மிதிச்சு நசுக்கிப்புட்டீகளே!"

குனிந்து பார்த்தான். மிதித்த காலை மெல்லத் தூக்கினான்.

"ஒங்க தாத்தா இந்தப் பக்கம் எட்டியே பாக்கல தம்பி" என்று உங்கள் தாளை விரித்துக் காட்டினேன். கேமராவை அணைக்கச் சொன்னான். என் மகள் கையிலிருந்த செல்போனை யார் அணைப்பது? அந்தப் படமும் தாளின் நகலும் நேற்று உங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

அந்தப் பையன் பாவமில்லையா என்கிறாள் மகள். இல்லை. எனக்குக் குளுகுளுவென்று இருக்கிறது. நீங்கள் இருந்தால் திட்டுவீர்கள், திட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் வெட்கப்பட்ட அந்தத் தப்புதான் அந்தத் திருட்டு ஓவியனைக் காட்டிக்கொடுத்தது. தாள் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

பேரன் போட்டுவிட்டு ஓடிய தட்டு இது. காலையிலிருந்து ஆணியால் அந்தப் பெயரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பீங்கான் கெட்டி, சீக்கிரம் போகமாட்டேன் என்கிறது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. இன்னும் இரண்டே எழுத்துதான்.