ரெஜினா வீட்டில் படித்த வருஷம்

12 ஜூன் 2006, திங்கள்

பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. மகள் ரெஜினா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சீருடைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவள்.

போன நவம்பரில் பள்ளி வாசலிலேயே வேனுக்கு அடியில் போய்விட்டான் அவள் அண்ணன் பெலிக்ஸ். டிரைவர் பின்னால் பார்க்காமல் எடுத்தான். அன்றிலிருந்து என் கணவர் ஜெயராஜுக்கு ஒரே பேச்சு: “இருக்கிற ஒண்ணை எந்த ஸ்கூலுக்கும் அனுப்ப மாட்டேன். ஊட்லயே படிக்கட்டும்.” மகன் பெயரை அவர் எதிரில் சொல்லவும் கூடாது.

கல்யாணத்துக்கு முன் டீச்சராக இருந்தவள் நான். அதனால் புத்தகம் தேடுவது என் வேலை. கணக்குக்கும் அறிவியலுக்கும் அரசுப் புத்தகம் போதும். கட்டுரை, ஞானோபதேசம், லத்தீன் — இவைதான் குழப்பம். லத்தீன் எதற்கு? சாமியாராகக் குருமடத்தில் படித்துப் பாதியில் வெளியே வந்தவர் அவர். இப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிறார். “அவளுக்குக் குடுக்க என்னாண்ட வேற இன்னா இருக்குது?” என்றார்.

20 ஜூன்

கட்டுரைப் புத்தகம் வாங்கி வந்தேன். என் பள்ளி, என் வகுப்புத் தோழி, நாங்கள் போன சுற்றுலா... பென்சிலால் அடித்துக்கொண்டே போனேன். பசு பற்றிய கட்டுரை மட்டும் மிஞ்சியது.

புத்தகத்தை மூடிவிட்டு, தினமும் பார்த்ததை எழுது என்றேன். “இன்னிக்கும் ஒண்ணும் பாக்கலம்மா” என்கிறாள்.

2 ஜூலை, ஞாயிறு

பங்குச்சாமியார் புது மறைக்கல்விப் புத்தகம் தந்தார். உள்ளே ஒரு படம்: உடைந்த பாலத்தில் இரண்டு குழந்தைகள், பின்னால் சிறகு விரித்தபடி ஒரு தேவதூதர் — காவல் சம்மனசு. ரெஜினா அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

“எல்லாருக்கும் ஒரு சம்மனசு இருக்குதாம்மா?”

“ம்.”

“அப்ப அன்னிக்கு அண்ணனோடது எங்க போச்சு?”

அறைந்துவிட்டேன். ஆண்டவரே, புள்ளைய அறைஞ்சிட்டேனே — இன்னா தப்பா கேட்டுட்டா? நான் தினம் கேக்குறதத்தானே அவளும் கேட்டா?

3 ஜூலை

படமில்லாத பழைய கேள்வி-பதில் புத்தகமே போதும்.

17 செப்டம்பர்

லத்தீனுக்கு மட்டும் புத்தகம் கிடைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து அவரே நினைவிலிருந்து சொல்லித் தருகிறார். ரெஜினா என்றால் அரசி என்று இன்று சொன்னார். அவள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். எத்தனை மாதம் ஆயிற்று!

அந்தச் சந்தோஷத்தில் கேட்டுவிட்டாள்: “அப்ப பெலிக்ஸ்னா இன்னா நைனா?”

நான் அடுப்பை அணைத்தேன். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“சந்தோஷமா இருக்கிறவன்” என்றார். “நான்தான் வச்சேன்.”

எழுந்து வெளியே போனார். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை.

18 செப்டம்பர்

லத்தீன் நின்றுவிட்டது. அவர் சாப்பிடவில்லை.

8 நவம்பர்

பெலிக்ஸுக்கு வருஷப் பூசை. நானும் ரெஜினாவும்தான் போனோம்.

25 மார்ச் 2007

எனக்குச் சொல்லாமலே அவரிடம் போய் நின்றிருக்கிறாள்.

“நைனா, என்னை ஸ்கூலுக்கு அனுப்பு. நான் வேன்ல போமாட்டேன். நடந்தே போறேன். ஓரமாவே போறேன் நைனா.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். சைக்கிளை எடுக்க மறந்து நடந்தே போனார்.

13 ஜூன் 2007, புதன்

கடைசியில் அவரே ஒப்புக்கொண்டு, ரெஜினாவைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. ஆறாம் வகுப்பு. காலையில் அவர்தான் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார். விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆலையிலிருந்து இன்று ஆள் வந்து, “அண்ணன் திங்கக்கெழமையிலிருந்து டூட்டிக்கு வர்லியே, உடம்பு சரியில்லியா?” என்று கேட்டான்.

பள்ளிக்கு ஓடினேன். கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னாங்க இது? வேலை போயிடும்ங்க.”

“வேன்லாம் வந்துகினு போய்க்கினு இருக்குது, செலினு. பெல் அடிக்கட்டும்.”

வீட்டுக்குப் போய்ச் சோறு எடுத்து வந்தேன். கேட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.