கதவுக்கு முன்னால் நின்ற உளவாளி

பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பாத என் அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் மூன்று வருஷம் தாமதம். நீங்கள் போன பிறகு எழுதத் தோன்றியதெல்லாம் ஆங்கிலத்திலேயே வந்தது. அதை உங்களுக்கு எப்படி அனுப்புவது? இப்போதுதான் தமிழில் எழுதும் தைரியம் வந்திருக்கிறது. பிழை திருத்தியவர் உங்கள் கோயம்புத்தூர் மாப்பிள்ளை.

முதலில் வீட்டுச் செய்தி. உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பெயர் நிலா, பத்து மாதம். வாகட் பகுதியில் எட்டாவது மாடியில் இருக்கிறோம். பால்கனிக்கு வலை போட்டாயிற்று. போட்டவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னும் இறுக்கச் சொன்னேன். திங்கட்கிழமை நான் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பாளணாகர் இருக்கிறது, பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வீடு. நடத்துகிற காக்கு, நம் வழக்கில் சித்தி, அன்பானவர். ஆனாலும் சேர்க்கப் போன இரண்டு தடவையும் கதவைத் தொட்டுவிட்டு நிலாவோடு திரும்பி வந்துவிட்டேன்.

"இப்படிப் பயந்துட்டே இருந்தா எப்படி புள்ள?" என்கிறார் மாப்பிள்ளை.

அப்போதுதான் அருள்வேல் நினைவுக்கு வந்தான். நீங்கள் வாசித்துக் காட்டிய நாவலில் வருகிற நம் உளவாளி.

ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் உங்களுக்கு ஒரு நாவல் இருக்கும். நான் படித்தது இங்கிலீஷ் பள்ளி, தெருவில் மராத்தி. தமிழ் எழுத்து தெரியும், கடைப் பலகையைத் தாண்டிப் படித்ததில்லை. அதனால் விஷ்ராந்த்வாடி வீட்டில் ஞாயிறு மதியம் நீங்கள் வாசிப்பீர்கள், நான் கேட்பேன்.

எதிரியின் கதவுக்கு முன்னால் அருள்வேல் நிற்பான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, தீப்பெட்டி இருந்தால் வெளியே எடுத்து வைப்பான். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பான். மகள் இந்நேரம் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பாளா என்று கவலைப்படுவான்.

"சீக்கிரம் உள்ள போகச் சொல்லுங்கப்பா!"

"இரு கண்ணு, அவனுக்கு பயமா இருக்குதில்ல? பயந்துகினேதான் போவான். அவசரப்படுத்தாத."

அந்த நாவல் படமாக வந்தது. ஞாயிறு காலைத் தமிழ்க் காட்சிக்கு பஸ் பிடித்துப் போனோம். திரையில் அருள்வேல் ஆறடி உயரம், கறுப்புக் கண்ணாடி, பனிமலையில் பாட்டு. கதவுக் காட்சி வந்ததும் உங்கள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன், எப்போது தீப்பெட்டியை எடுப்பான் என்று. அவன் ஒரே உதை. கதவு பெயர்ந்து விழுந்தது. தியேட்டர் முழுக்க விசில்.

"அப்பா, கண்ணாடி தொடைக்கவே இல்லையே?"

"அதுக்கு ஏது கண்ணு டைம்? அடுத்த பாட்டுக்கு லேட்டாகுதில்ல!"

"யோவ், வூட்ல போயி பேசிக்கய்யா!" என்று பின்வரிசைக்காரர் கத்தினார்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். சினிமாக்காரர்கள் நம் அருள்வேலைக் கெடுத்துவிட்டார்கள் என்று கல்லூரி கேன்டீன் வரைக்கும் சண்டை போட்டிருக்கிறேன். நாவலைப் படித்தவள் மாதிரி!

பிரசவ விடுப்பில் உங்கள் பெட்டியைத் திறந்து அந்த நாவலை எடுத்தேன். நிலா தூங்கும்போதெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒருவழியாக அந்தக் கதவுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே இவ்வளவுதான் இருந்தது: 'அருள்வேல் கதவின் முன் ஒரு கணம் நின்றான். பிறகு உள்ளே போனான்.'

பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி இல்லை. தீப்பெட்டி இல்லை. நாவல் முழுக்கத் தேடினேன். அவனுக்கு மகளே இல்லையப்பா.

முதலில் சிரிப்புதான் வந்தது. இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறீர்கள்! பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கட்கி தொழிற்சாலையில், வெடிமருந்து நிரப்புகிற கொட்டகையில் உங்களுக்கு வேலை. உள்ளே போகுமுன் தீப்பெட்டியை வெளியே கொடுத்துவிட வேண்டும் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னீர்கள். பயம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் தினமும் எவ்வளவு நேரம் நின்றீர்கள் அப்பா?

அந்தப் படத்தைப் போன வாரம் சிடியில் மறுபடி பார்த்தேன். இப்போது எனக்கு அதன்மேல் கோபமில்லை. அவன் உதைத்தபோது நானும் விசிலடித்தேன், நிலா கை தட்டினாள். நாவலை எழுதியவரையும் வணங்கத் தோன்றுகிறது. அந்த ஒரு கணத்தை எழுதிவிட்டு, அதற்குள் என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டாரே! படத்தில் அந்தக் கணத்துக்கு இடமே இல்லை. நீங்கள் அதற்குள் போய் உட்கார்ந்து, ஞாயிறுதோறும் எனக்கும் இடம் போட்டுக் கொடுத்தீர்கள். மூன்று அருள்வேல்களில் நிலாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன் என்று கேட்டால், அடுப்பை நினைத்துக் கவலைப்படுகிறவனிடம்தான்.

திங்கட்கிழமை காலை காக்குவின் கதவுக்கு முன்னால் நிற்பேன். பால் புட்டி, மாற்றுத்துணி, ஜுர மருந்து எல்லாம் இருக்கிறதா என்று பையை மூன்று முறை பார்ப்பேன். யார் அவசரப்படுத்தினாலும் சரி, என் கணத்தை நான் முழுசாக எடுத்துக்கொள்வேன். ஆனால் இந்தத் தடவை திரும்பி வரமாட்டேன். பயந்துகினேதான், உள்ளே போவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
நாவலில் இல்லாத அந்த மகள்,
தேவி